ஏசி குளிரவில்லையா? காஸ் போடுமுன் ஊத்தையைத் தேடுங்கள்

போன ஆடி மாதம் எங்கள் படுக்கையறை ஏசி வெறும் காற்றை ஊதத் தொடங்கியது. குளிர் இல்லை. வெளியே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கொறிக்கிற கச்சான் இல்லை. மேற்கிலிருந்து காய்ந்து வருகிற காற்று. திருகோணமலைக்காரருக்கு இதைப் பிரித்துச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு ஆளைக் கூப்பிட்டோம். வந்தார், வெளி யூனிட்டில் மீற்றரைக் கொழுவினார், "அக்கா, காஸ் முடிஞ்சுது" என்றார். குழாய்க்குள் சுற்றிக் குளிரூட்டுகிற அந்தக் காஸை ஏற்றினார், காசை வாங்கிக்கொண்டு போனார். அன்றிரவு குளிர்ந்த மாதிரித்தான் இருந்தது. காசு கொடுத்த மனத்துக்கு அப்படித்தான் தெரியும். பத்தாம் நாள் பழையபடி.

இரண்டாவதாக வந்த தம்பி மீற்றரைப் பைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை. முன்மூடியைத் தூக்கி ஃபில்டரை இழுத்தார். வலைக்கண் ஒன்றாவது தெரியவேண்டுமே! சாம்பல் நிறக் கம்பளித் துண்டு போல இருந்தது. நகத்தால் ஒரு கீறு கீறினார். ஆட்டுத்தோல் உரிகிற மாதிரி ஒரு சுருள் எழும்பி வந்தது. "இதுக்குள்ளால காத்து எப்பிடி அக்கா போகும்?" என்றார். தேவையில்லாமல் ஏற்றிய காஸைப் பிறகு அவரே அளந்து திரும்ப எடுக்க வேண்டியும் வந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு. ஏசிக்கு என்ன வருத்தம் வந்தாலும் முதலில் ஊத்தையைத் தேடுவது. முன்னால் நின்று கைக்கு எட்டுகிற ஊத்தை எங்களுடையது. தகடுகளுக்குப் பின்னாலும் காஸ் குழாய்க்குள்ளும் வயருக்குள்ளும் இருப்பது சேர்விஸ்காரருடையது. எந்த வருத்தத்துக்கு எது என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நாம் அண்ணாந்து பார்த்தால் தெரிகிற வாய், காற்று வெளியே வருகிற இடம். தூசி அதற்குள்ளால் நுழைவதில்லை. காற்று மேல்முதுகுப் பக்கத்தால் உள்ளே போகிறது. ஃபில்டரைத் தாண்டி, குளிர்ந்து கிடக்கும் அலுமினியத் தகடுகளுக்கு இடையால் நுழைந்து, புளோவர் என்கிற நீள உருளை விசிறியில் ஏறி, கடைசியில்தான் வாயால் வருகிறது. ஆகவே வாயை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு "ஏசி கழுவியாச்சு" என்று சொல்வது, சாப்பிட்ட பிறகு உதட்டை மட்டும் துடைப்பது போல.

தூசி எங்கே இருந்து வருகிறது என்றும் பார்த்துவிடுங்கள். நாங்கள் இருப்பது திருகோணமலை அலஸ்தோட்டம், கடலுக்கு ஐந்து நிமிட நடை. வைகாசியிலிருந்து ஆவணி வரைக்கும் கச்சான் மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது. மாரியில் வாடை உப்பைக் கொண்டுவருகிறது. வீட்டுக்குள்ளே வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, இரவில் நுளம்புத் திரி, குசினியில் பொரித்த மீனின் எண்ணெய்ப் புகை. வெறும் மண்தூசி தட்டினால் விழும். சாம்பிராணியும் எண்ணெயும் சேர்ந்த தூசி பசை போல ஒட்டும். படுக்கையறை ஏசியை விட, குசினிக்குப் பக்கத்து ஹோல் ஏசி இரண்டு மடங்கு கெதியாக அடைப்பது அதனால்தான்.

கை வைப்பதற்கு முன்: ரிமோட்டில் நிறுத்துவது நிறுத்தல் இல்லை. ஏசிக்கென்று உள்ள பிரேக்கரை, அல்லது சுவரில் உள்ள ஐசோலேட்டர் சுவிட்சை நிறுத்துங்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. பிளாஸ்டிக் கதிரையில் ஏறாதீர்கள், ஏணி எடுங்கள். கட்டிலில் ஒரு பழைய சீலையை விரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அன்றிரவு தூசிமேல்தான் படுக்க வேண்டும்.

காற்று குறைவு, அறை குளிர நேரமெடுக்கிறது

பத்தில் எட்டு வீட்டில் முறைப்பாடு இதுதான் என்று எங்கள் சேர்விஸ்காரத் தம்பி சொல்வார். தொடங்க வேண்டிய இடம் ஃபில்டர்.

முன்மூடியின் இரண்டு ஓரத்திலும் விரல் வைக்க ஒரு பள்ளம் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினால் "டிக்" என்று நிற்கும். உள்ளே இரண்டு வலைச்சட்டம். சட்டத்தைக் கொஞ்சம் மேலே தள்ளி, கீழ்க் கொக்கியைக் கழற்றி, உங்கள் பக்கமாக இழுங்கள். சில மொடல்களில் மேற்பக்கத்தால் உருவ வேண்டும். இழுக்கவில்லையென்றால் மல்லுக்கட்டாதீர்கள், எங்கோ ஒரு கொக்கி இருக்கும்.

கழுவுவதில் பலர் செய்கிற பிழை, தூசி இருக்கிற பக்கத்தில் தண்ணீரை அடிப்பது. அப்படி அடித்தால் தூசி வலைக்குள் இன்னும் இறுகும். பின்பக்கத்தால் அடியுங்கள், வந்த வழியே போகும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு சொட்டு ஒரு வாளித் தண்ணீரில் விட்டு, பத்து நிமிஷம் ஊறவைத்து, பழைய பல்பிரஷால் மெல்லத் தேய்க்கலாம். சுடுதண்ணீர் வேண்டாம், 40 டிகிரிக்கு மேல் போனால் சட்டம் நெளியும். வெயிலிலும் காயவைக்காதீர்கள். ஒருமுறை மொட்டைமாடியில் போட்டுவிட்டு மறந்துபோனேன், பின்னேரம் எடுக்கும்போது ஒரு சட்டம் அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தது. விறாந்தை நிழல் போதும். ஈரத்தோடு மாட்டவும் கூடாது, அது பூஞ்சணத்துக்கு வைக்கிற வெற்றிலைபாக்கு.

கச்சான் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருதரம், மற்றக் காலத்தில் மாதம் ஒருதரம் கழுவினால் ஃபில்டர் அடைக்காது.

ஃபில்டர் காயும் நேரத்தில் போன் டோர்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். மெல்லிய அலுமினியத் தகடுகள் சீப்புப் பல் போல நெருங்கி நிற்கும். பளபளவென்று இடைவெளி தெரிந்தால் சரி. மேலால் சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய படை மட்டும் இருந்தால், காய்ந்த மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாக, தகடு போகிற திசையிலேயே வருடலாம். குறுக்காகத் தேய்த்தால் தகடுகள் கடதாசி மாதிரி மடிந்துவிடும், அப்புறம் அந்த இடத்தில் காற்று போகாது. விரலையும் வெட்டும். தகடுகளுக்கு நடுவில் கறுப்பாக, ஈரமாக, களி மாதிரி அடைத்திருந்தால் அதை விட்டுவிடுங்கள். அது தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டிய ஊத்தை.

ஹாட்வெயார் கடையில் நுரை ஸ்பிரே ஒன்று விற்கிறார்கள். அடித்துவிட்டால் தானாகக் கரைந்து வடியும் என்று பேணியில் எழுதியிருக்கும். படை மெல்லியதாக இருந்தால் கொஞ்சம் வேலை செய்யும். தடிப்பாக இருந்தால் நுரை ஊத்தையைக் கரைத்துக் கீழே இறக்கி, தகடுகளுக்குக் கீழே தண்ணீர் வடிகிற தட்டின் வாயில் கொண்டுபோய் அடைத்துவிடும். அதோடு அனேக ஏசிகளில் வலப்பக்கம் மின்பலகை இருக்கிறது. நுரை அந்தப் பக்கம் போனால் சேர்விஸ் செலவு பலகை வாங்குகிற செலவாக மாறிவிடும். எனக்கு அந்தப் பேணியில் நம்பிக்கை இல்லை.

எல்லாம் மாட்டிய பிறகு பிரேக்கரைப் போட்டு, கதவு யன்னலைச் சாத்தி, ரிமோட்டைப் பாருங்கள். ஆறு முனைப் பனிப்பூப் படம் குளிர்ச்சிக்கு. விசிறிப் படத்திலோ ஒற்றை நீர்த்துளிப் படத்திலோ விட்டுவிட்டு "குளிரவில்லை" என்று ஆளைக் கூப்பிட்ட வீடுகள் உண்டு. எங்கள் வீடும் ஒன்று. பிள்ளைகள் ரிமோட்டை விளையாட்டுச் சாமானாக்கியதன் பலன்.

இருபது நிமிஷம் ஓடவிட்டு ஒரு சாதாரண வெப்பமானியை முதலில் மேலே காற்று நுழைகிற இடத்திலும், பிறகு வாயிலும் பிடியுங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் காஸ் பக்கம் அனேகமாகக் குறையில்லை. அறை பெரிது, அல்லது கூரை வெக்கை, அல்லது யன்னல் இடுக்கு என்று வேறு பக்கம் தேட வேண்டும். அஸ்பெஸ்டஸ் கூரையும் தட்டுப் பலகையும் உள்ள அறைக்கு ஒரு தொன், அதாவது மணித்தியாலத்துக்கு 12,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு மெஷின், ஆடி மாத மத்தியானத்தில் ஈடுகொடுக்காது. அது மெஷினின் குற்றம் இல்லை. வித்தியாசம் நாலு, ஐந்து டிகிரிதான், ஃபில்டரும் சுத்தம், வெளி யூனிட்டும் சுத்தம் என்றால் இப்போது "காஸ்" என்ற சொல்லைக் கேட்கலாம்.

போட்டவுடன் புளித்த மணம், வாயோரம் கறுப்புப் புள்ளி

ஊறின உடுப்பை இரண்டு நாள் வாளியில் விட்ட மாதிரி ஒரு மணம். ஐந்து நிமிஷத்தில் போய்விடும், அல்லது மூக்கு பழகிவிடும். வாயில் ஆடுகிற மடலைக் கையால் மெல்லத் திறந்து டோர்ச் அடியுங்கள். உள்ளே நீள உருளையில் சின்னச் சின்ன இதழ்கள் தெரியும். அந்த இதழ்கள் வெள்ளையாகவோ கறுப்புப் பிளாஸ்டிக்கின் மினுக்கத்தோடோ இருக்க வேண்டும். பவுடர் பூசிய மாதிரி மயிர் மயிராக, கறுப்பாக இருந்தால் அது பூஞ்சணமும் தூசியும். அந்த உருளையின் இதழ் ஒவ்வொன்றும் காற்றைக் கோலிக் கொடுக்கிற கரண்டி. கரண்டிக் குழி ஊத்தையால் நிரம்பினால் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று வராது. மணமும் காற்றுக் குறைவும் சோடியாக வருவதன் காரணம் இதுதான்.

மடலையும் வாயின் ஓரத்தையும் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைக்கலாம். கை எட்டுகிற வரைக்கும்தான். உருளையைப் பல்பிரஷால் ஒவ்வொரு இதழாகத் தேய்க்கிற காணொளிகள் நிறைய இருக்கின்றன. நானும் ஒருநாள் முயன்றேன். இரண்டு மணித்தியாலம் தேய்த்து மூன்றில் ஒரு பங்கு முடித்தேன். விழுந்த ஊத்தை பாதி தண்ணீர்த் தட்டுக்குள், பாதி என் தலைமயிருக்குள். சுத்தமான பாதியும் ஊத்தையான பாதியுமாக உருளை நிறை மாறி, போட்டவுடன் மெஷின் முழுக்க நடுங்கியது. அடுத்த நாள் தம்பியைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அந்த மட்டுக்கு நல்ல பிள்ளை.

அவர் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன் பெட்டியை முழுசாகக் கழற்றினார். மின்பலகையைப் பொலித்தீனால் மூடி டேப் ஒட்டினார். யூனிட்டைச் சுற்றிப் புனல் மாதிரி ஒரு ரெக்சீன் பையைக் கட்டி, அதன் நுனிக் குழாயை வாளிக்குள் விட்டார். சின்ன பம்பால் தகடுக்கும் உருளைக்கும் தண்ணீர் அடித்தார். முதல் ஒரு நிமிஷம் வாளிக்குள் வந்தது தண்ணீர் இல்லை, பிளேன்டீ. அப்புறம் கொக்கோ. ஐந்தாவது நிமிஷம் கறுப்பு நூல் நூலாக ஏதோ. கடைசியில் தெளிவாக வரும் வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. மூன்று வாளி போனது. வீட்டில் முட்டு வருத்தக்காரர் இருந்தால் இந்த வேலை நடக்கும்போது வேறு அறையில் இருக்கட்டும்.

மணத்துக்கு ரூம் ஸ்பிரே அடிக்காதீர்கள். பூஞ்சணத்தோடு மல்லிகை மணமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். வெளுக்கும் திரவத்தையும் உள்ளே தெளிக்க வேண்டாம். அது அலுமினியத்தைத் தின்னும், விசிறி அதை அறை முழுக்க ஊதும். வினாகிரியோடு அதைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நஞ்சு.

திரும்ப வராமல் இருக்க ஒரு பழக்கம் உதவும். நிறுத்துவதற்கு முன் அரை மணித்தியாலம் விசிறி மட்டும் ஓடவிடுங்கள். தகடுகளில் நிற்கிற ஈரம் காய்ந்துவிடும். புது மெஷின்களில் இதைத் தானாகச் செய்கிற பொத்தான் இருக்கிறது. காலையில் ஏசியை நிறுத்துகிறோம் என்றால் செய்யலாம். நித்திரையில் டைமர் வைத்து நிறுத்துகிறவர்களுக்கு இது நடக்காத காரியம்தான்.

உள்ளே தண்ணீர் சொட்டுகிறது

பயப்பட வேண்டாம், தண்ணீர் வருவது இயல்பு. நம் ஊர்க் காற்றில் உள்ள ஈரப்பதனுக்கு ஒரு தொன் மெஷின் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றருக்கு மேலும் வடிக்கும். அது வெளியே போக வேண்டியது. உள்ளே வந்தால் வழி அடைத்திருக்கிறது.

முதலில் வெளியே போய்ப் பாருங்கள். ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போது வடிகுழாயின் நுனியில் தண்ணீர் சொட்டுகிறதா? இல்லையென்றால் அடைப்பு. பாசியும் தூசியும் சேர்ந்த வழவழப்பான களிதான் அனேகமாக அடைக்கும். எங்கள் வீட்டில் ஒருமுறை நுனியில் மண்குளவி வீடு கட்டியிருந்தது. விரலால் பிடுங்கியதும் ஒரு போத்தல் தண்ணீர் "குபுக்" என்று காலில் கொட்டியது. இன்னொரு முறை பல்லி, செத்து எத்தனை நாளோ.

நுனி சுத்தம், இன்னும் வரவில்லை என்றால் ஈரம் இழுக்கிற வகை வக்யூம் இருந்தால் வெளி நுனியில் வைத்து, சுற்றித் துணியால் இறுக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் இழுங்கள். அது இல்லாவிட்டால் சைக்கிள் பம்பால் மெல்ல ஊதலாம். பலமாக ஊதினால் உள்ளே பொருத்து கழன்று சுவருக்குள்ளேயே தண்ணீர் இறங்கும். வாயால் ஊதுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அந்தத் தண்ணீரின் நிறத்தை ஒருமுறை பார்த்தால் செய்யமாட்டார்கள். வழி திறந்ததும் உள்ளே தட்டில் அரைக் கோப்பை தண்ணீரை மெல்ல ஊற்றி வெளியே வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று நம் வீடுகளுக்கே உரியது. வடிகிற தண்ணீரைப் பூமரத்துக்கு ஊற்ற வாளியில் பிடிக்கிறோம். நல்ல பழக்கம்தான், அந்தத் தண்ணீரில் உப்பு இல்லை. ஆனால் குழாய் நுனி வாளித் தண்ணீருக்குள் அமிழ்ந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் வடிதல் நின்றுவிடும். நுனி எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கட்டும். குழாய் நடுவில் பாம்பு மாதிரி எழும்பி இறங்கினாலும் இதே கதை.

அடைப்பு இல்லை, குழாயும் சரிவு, ஆனாலும் சொட்டுகிறது என்றால் யூனிட் சுவரில் சாய்ந்திருக்கலாம், தட்டு வெடித்திருக்கலாம். ஆளைக் கூப்பிடுங்கள்.

ஐஸ் கட்டுகிறது

தகட்டில் வெள்ளையாகப் பனி, வெளியே செப்புக் குழாயிலும் பனி. கேட்டால் நம்ப மாட்டீர்கள், அதிகக் குளிரால் வந்தது இல்லை. காற்று போதாமல் தகடு உறைகிறது, அல்லது காஸ் குறைந்து உறைகிறது. கத்தியாலோ ஸ்குரூ டிரைவராலோ சுரண்டவே கூடாது. குழாய் ஓட்டையானால் காஸ் முழுக்கப் போய்விடும். குளிர்ச்சியை நிறுத்தி விசிறியை மட்டும் ஓடவிட்டு முழுசாக உருகவிடுங்கள், கீழே வாளி வையுங்கள். ஃபில்டரைக் கழுவி மாட்டி, மறுநாள் பாருங்கள். திரும்பவும் ஐஸ் என்றால் உங்கள் வேலை முடிந்தது, சேர்விஸ்காரர் வேலை தொடங்குகிறது.

காலையில் குளிர்கிறது, மத்தியானம் கையை விரிக்கிறது

உள் யூனிட் சுத்தமாக இருந்தும் இப்படியென்றால் வெளியே போங்கள். அறைக்குள் இருந்து இழுத்த வெக்கையைக் கொட்டுகிற இடம் வெளி யூனிட். அதன் முதுகுத் தகடு அடைத்திருந்தால் 35 டிகிரி வெயிலில் கொட்ட முடியாமல் மூச்சு வாங்கும்.

உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர், உள்துறைமுக வீதி என்று கடற்காற்று படுகிற எந்த வீட்டிலும் தூசிக்கு மேல் உப்பு இருக்கிறது. உவர்மலைக்காரர் பெயரிலேயே உவரை வைத்திருக்கிறார்கள், மேட்டில் இருந்தால் தப்பலாம் என்று நினைக்க வேண்டாம். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு அலுமினியத்தை அரிக்கும். தகட்டைத் தொட்டால் வெள்ளைத் தூளாக உதிர்ந்தால் அது தூசி இல்லை, தகடேதான். அந்த நிலைக்குப் போனதைக் கழுவித் திருப்ப முடியாது.

அதற்கு முன் செய்யக்கூடியது மிகவும் லேசு: மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுவது. நல்ல தண்ணீர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கடற்கரையோரக் கிணறுகளில் பல சவர். அதை அடித்தால் உப்பை உப்பால் கழுவுகிற கதை. கந்தளாயிலிருந்து வருகிற பைப் தண்ணீரை எடுங்கள். பிரேக்கரை நிறுத்தி, ஒரு கால் மணித்தியாலம் விட்டு, தோட்டத்துக்கு அடிக்கிற ஹோஸால் மழை மாதிரி மேலிருந்து கீழாக விடுங்கள். காருக்கு அடிக்கிற பிரஷர் பம்ப் தகட்டை மடக்கிவிடும். பக்கவாட்டில் வயர் போகிற பெட்டிக்கு நேரே அடிக்காதீர்கள். மூடியைக் கழற்றவும் வேண்டாம், உள்ளே உள்ள கப்பாசிட்டர் கரண்டை நிறுத்திய பிறகும் அடி வைத்திருக்கும்.

கழுவும்போதே யூனிட்டைத் தாங்குகிற இரும்புக் கையையும் போல்ட்டுகளையும் பாருங்கள். கறல் பிடித்துப் படைபடையாக உரிந்தால் அதை மாற்றுகிற வேலை எல்லாவற்றிலும் அவசரம். மாடியிலிருந்து முப்பது கிலோ கீழே விழுந்தால் ஏசி மட்டும் போகாது.

முன்னால் உடுப்புக் கொடி, பின்னால் விறகு, பக்கத்தில் பூந்தொட்டி என்று வெளி யூனிட்டை நெருக்கியிருந்தால் அதையும் விலக்குங்கள்.

சத்தம்

டிக் டிக் என்றால் முன்மூடியோ ஃபில்டரோ சரியாகப் பூட்டவில்லை. படபட என்று இலை அடிக்கிற மாதிரி என்றால் உருளைக்குள் ஏதோ, அனேகமாகப் பல்லி. கரகர என்று இரும்பு உரசினால் போல்ட் அல்லது மோட்டார், அது உங்களுடைய வேலை இல்லை.

பிரேக்கர் விழுகிறது, கருகல் மணம், லைட் மின்னுகிறது

தொடாதீர்கள். ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். திரும்ப விழுந்தால் அதை டேப் ஒட்டி நிறுத்தி வைக்கிற வித்தையெல்லாம் வேண்டாம். ஏசியில் லைட் மின்னினால் எத்தனை தரம் மின்னுகிறது என்று எண்ணி, போனில் ஒரு காணொளி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கை ஒரு குறியீடு. வருகிறவருக்கு அரை மணித்தியாலம் மிச்சமாகும்.

ஆளைக் கூப்பிடும்போது

நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும் நிலாவெளிப் பக்கம் சீசன். நல்ல கைகள் எல்லாம் ஹோட்டல்களில் நிற்கும். உங்கள் வீட்டுக்கு வருகிறவர் ஒரு நாளைக்கு ஏழாவது வீடாக வருவார். மாசி, பங்குனியில் கூப்பிட்டால் ஆறுதலாகச் செய்வார், கச்சானுக்கு முன் மெஷினும் தயார். வருஷத்துக்கு ஒரு முழுக் கழுவல் போதும், கடலோரமாக அல்லது பகலிரவாக ஓடுகிற வீடு என்றால் இரண்டு.

போனிலேயே கேளுங்கள்: "தம்பி, பை கட்டித் தண்ணி அடிச்சுக் கழுவுவீங்களோ, இல்லாட்டி ஃபில்டரும் புளோவரும் மட்டுமோ?" இரண்டும் சேர்விஸ் என்ற ஒரே பெயரில்தான் ஓடுகிறது, கூலி மட்டும் வேறு.

காஸ் குறைவு என்றால் கோபிக்காமல் ஒரு கேள்வி. "எங்கால போனது?" இது அடுப்புக் காஸ் இல்லை, எரிந்து முடிவதற்கு. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. அந்த இடத்தைச் சவர்க்கார நுரையாலோ கருவியாலோ கண்டுபிடித்து அடைக்காமல் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொள்வது. எந்தக் காஸ் என்பது வெளி யூனிட்டில் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். ஆர் 32 என்றால் அது மெல்லத் தீப்பற்றக்கூடியது, பக்கத்தில் சிகரெட் வேண்டாம். ஆர் 410ஏ இரண்டு காஸின் கலவை. அது பெருமளவு கசிந்திருந்தால் மிச்சத்தை எடுத்துவிட்டு, பம்பால் வெறுமையாக்கி, எடை பார்த்து ஏற்றுவதுதான் முறை. பழைய மெஷினில் ஆர் 22 என்றால் அதற்குப் பெரிய செலவு செய்யுமுன் யோசியுங்கள். ஓசோன் படையைக் காக்க 1987 இல் வந்த மொன்றியல் உடன்படிக்கையின்படி நம்மைப் போன்ற நாடுகளிலும் 2030 க்குள் கைவிடப்பட வேண்டிய காஸ் அது.

கனடாவில் இருக்கிற மச்சாள் இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு டக் கிளீனிங் செய்யச் சொல்லி ஒவ்வொரு கிழமையும் போன் வருது, செய்யவோ?" என்று கேட்டாள். அங்கே வீட்டுக்கூரைக்கும் தரைக்கும் இடையால் தகரக் குழாய்கள் ஓடுகின்றன, நம் சுவர் ஏசிகளில் அது இல்லை. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் அந்தக் குழாய்களைச் சும்மா வழக்கத்துக்குக் கழுவச் சொல்வதில்லை. கண்ணால் பூஞ்சணம் தெரிந்தால், எலி பூச்சி இருந்தால், தூசி அடைத்து அறைக்குள் கொட்டினால் மட்டும். டோர்ச் அடித்துப் பார்க்கச் சொன்னேன். உள்ளே ஒரு லெகோக் கட்டையும் இரண்டு காசும் கிடந்ததாம்.

வேலை முடிந்து ஆள் சாமானை அடுக்கத் தொடங்கும்போதே ஏசியைப் போடுங்கள். இருபது நிமிஷம் ஓடட்டும், அதற்குள் ஒரு பிளேன்டீ கொடுத்து இருக்கவையுங்கள். மேலேயும் வாயிலும் வெப்பமானியைப் பிடித்து வித்தியாசத்தைப் பாருங்கள், வடிகுழாயில் தண்ணீர் சொட்டுகிறதா என்று வெளியே போய்ப் பாருங்கள், மடலைத் திறந்து உருளைக்கு டோர்ச் அடியுங்கள். முன்மூடியின் உள்பக்கத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி, அன்றைய திகதியையும் இரண்டு வெப்பநிலையையும் எழுதுங்கள். பிறகு காசை எடுத்துக் கொடுங்கள்.